பதில்: தணிப்பான் வேண்டாம், புகைக்கதவு எண்டு வைப்பம்

எல்லாருக்கும் வணக்கம். வீட்டைச் சூடாக்கிற ஃபேர்னஸின்ர புகை போற குழாய்க்குள்ள திறந்து மூடுற தகட்டைத்தான் இங்க டேம்பர் எண்டுறம், எங்கட தமிழ்ச் சொற்பட்டியலுக்கு அதுக்கு ஒரு பேர் தேடுறம்.

> டேம்பருக்கு "தணிப்பான்" எண்டு ஏற்கனவே ஒரு சொல் இருக்கு, அதையே வீட்டு ஃபேர்னஸுக்கும் எடுத்தா என்ன?

தம்பி, தணிப்பான் எண்டது அதிர்வைக் குறைக்கிற சாமானுக்குச் சரி, இதுக்குச் சரிவராது. நாங்கள் தணிக்கிறது கோபத்தை, தாகத்தை, சூட்டை. ஃபேர்னஸில தணிப்பான் பூட்டியிருக்கு எண்டு அம்மாட்டச் சொன்னா வீடு குளிரப்போகுது எண்டுதான் நினைப்பா, ஆனா அந்தத் தகடு செய்யிற வேலை சூட்டை வெளிய போகவிடாமல் மறிக்கிறது.

கனடாவில, ஸ்காபரோவில நாங்கள் முதல் இருந்த வீடு 1960களில கட்டினது, பேஸ்மென்ட்டில பழைய காஸ் ஃபேர்னஸ், அதுக்குச் செங்கல் புகைக்கூடு. ஒரு தை மாச இரவு ஃபேர்னஸ் எரிஞ்சு நிண்டு கொஞ்ச நேரத்தால, புகைக்குழாய் தொடங்கிற இடத்தில தொப்பி மாதிரி வாய் திறந்து இருக்குமே, அதுக்குக் கிட்ட ஊதுபத்தி ஒண்டைப் பிடிச்சுப் பாத்தன். புகை மேல எழும்பேல்ல, வளைஞ்சு நேர அந்த வாய்க்குள்ள போச்சுது. ஃபேர்னஸில நெருப்பு இல்லை, ஆனா குழாயும் புகைக்கூடும் இன்னும் சூடு, வெளிய மைனஸ் 15 டிகிரி, அதால புகைக்கூடு விடாமல் இழுக்குது, நாங்கள் காசு குடுத்துச் சூடாக்கின காத்து இரவிரவாக் கூரைக்கு மேலால போகுது. இந்த மாதிரிப் பழைய ஃபேர்னஸின்ர வினைத்திறன் வருசம் முழுக்கப் பாத்தா 60 வீதம் அளவுதான், நிண்டாப் பிறகு இப்பிடி இழக்கிறதும் அதுக்கு ஒரு காரணம்.

இதை மறிக்கத்தான் குழாய்க்குள்ள ஒரு வட்டத் தகடு பூட்டுறது, சின்ன மோட்டர் ஒண்டு அதைத் திருப்பும். அறைச் சூட்டைப் பாக்கிற தெர்மோஸ்டாட் சூடு கேட்டா முதல் தகடு திறக்கும், முழுசாத் திறந்திட்டுது எண்டு சுவிட்ச் சொன்னாப் பிறகுதான் பேர்னர் பத்தும், நெருப்பு நிண்டா திரும்ப மூடும். அந்தச் சுவிட்ச்தான் உயிர், ஏனெண்டா மூடின குழாயோட நெருப்பு எரிஞ்சா காபனோரொட்சைட்டு எண்ட நச்சுவாயு வீட்டுக்குள்ளதான் வரும், அதால லைசென்ஸ் உள்ள காஸ் டெக்னீஷியனைத் தவிர வேற ஆரும் இதில கை வைக்கக்கூடாது. பேர்னரைப் பத்தவைக்கிற சின்னச் சுடர், பைலட் சுடர், எப்பவும் எரியிற ஃபேர்னஸ் எண்டா தகட்டில சின்ன ஓட்டை ஒண்டு விட்டிருப்பினம், அந்தச் சுடரின்ர புகை போக.

இப்ப சொல்லுக்கு வாறன். போக வேண்டிய நேரம் திறந்து, மற்ற நேரம் மூடி மறிச்சு வைக்கிற சாமானுக்கு எங்களிட்ட ஏற்கனவே பேர் இருக்கு. கிளிநொச்சி இரணைமடுக் குளத்தின்ர வான்கதவு திறந்தாச்சு எண்டு செய்தி கேட்டு வளந்த ஆக்கள் நாங்கள், மேலதிக தண்ணி போகத் திறப்பினம், குளத்துத் தண்ணி நிக்க மூடுவினம். அதே அச்சில இது புகைக்கதவு. கட்டடங்களில புகை பரவாமல் மறிக்கிற கதவோட குழம்பும் எண்டு ஆரும் சொன்னா, முழுப்பேரைப் புகைவழிக் கதவு எண்டு எழுதலாம், கதைக்கேக்க புகைக்கதவு போதும். செங்கல்லில கட்டினது புகைக்கூடு, ஃபேர்னஸில இருந்து அங்க போற தகரக் குழாய் புகைக்குழாய், ரெண்டும் சேந்த முழுப்பாதை புகைவழி. எல்லாத்தையும் புகைபோக்கி எண்டு ஒரே சொல்லில அடக்கினா திருத்த வாறவருக்கு எதைச் சொல்லுறம் எண்டு விளங்காது.

எண்ணெய் ஃபேர்னஸில புகைக்குழாயின்ர பக்கத்தில ஆடிக்கொண்டு இருக்கிற மடல் வேற, தயவுசெய்து அதுக்கும் இந்தப் பேரை வைக்க வேண்டாம். அது புகையை மறிக்கிறேல்ல, அறைக் காத்தைக் குழாய்க்குள்ள விட்டு இழுவையை ஒரே அளவில வைக்குது. அது இழுவைச் சீராக்கி.

கனடாவில 2009 டிசம்பர் 31 தொடக்கம் செய்யிற காஸ் ஃபேர்னஸின்ர வினைத்திறன் 90 வீதத்துக்குக் குறையக்கூடாது எண்டு வந்தது, 2019இல அது 95 வீதமாக் கூடிட்டுது, அதுகள் பிளாஸ்டிக் குழாயால சுவருக்குள்ளால புகையை வெளிய விடும், அங்க இந்தத் தகடு இல்லை, பிறகு ஏன் இந்தச் சொல் எண்டு ஒரு அண்ணை கேட்டிருந்தார். அண்ணை, ரேடியேட்டருக்குச் சுடுதண்ணி அனுப்புற பழைய பொய்லர் உள்ள வீடுகள் இன்னும் இருக்கு, அந்தப் பொய்லருக்குள்ள நிறையச் சுடுதண்ணி நிக்கிறதால புகைக்கதவின்ர பலன் அங்கதான் கூட.

புகைவழிக்கு இதைவிட நல்ல சொல் ஆரிட்டயும் இருந்தா பட்டியலில போட முதல் எழுதுங்கோ.