கும்பகர்ணனா, விபீஷணனா? அறம் யார் பக்கம்?

பனையோலை:
ரொம்ப நாளாக உறுத்துகிற கேள்வி. இராவணன் செய்தது தவறு என்று இரண்டு தம்பிகளுக்கும் தெரியும். ஒருவன் சொல்லிப் பார்த்துவிட்டு எதிரியிடம் போனான். இன்னொருவன் சொல்லிப் பார்த்துவிட்டு அண்ணனுக்காகச் செத்தான். என் ஓட்டு கும்பகர்ணனுக்குத்தான். கூடவே இருந்து உண்டவன், ஆபத்து வந்ததும் நழுவினால் அதற்குப் பெயர் அறமா?

நடுச்சாமம்:
"ஆபத்து வந்ததும்" என்ற இடத்திலேயே கதையை மாற்றிவிட்டீர்கள். அனுமனைக் கொல்லச் சொன்னபோது, தூதனைக் கொல்லக் கூடாது என்று சபையிலேயே தடுத்தவன் விபீஷணன். சீதையை அனுப்பிவிடு என்று கெஞ்சினான். அண்ணன் அவமானப்படுத்திய பிறகுதான் நாலு பேரோடு கடலைத் தாண்டினான். அப்போது சேதுகூடக் கட்டவில்லை. நாட்டை இழந்து, மனைவியையும் பறிகொடுத்து மறுகரையில் நிற்கிற ஒருவன் ஜெயிப்பான் என்று யார் கண்டது?

பனையோலை:
சரி, போனான். சும்மா ஒதுங்கி இருந்திருக்கலாமே? நிகும்பிலையில் இந்திரஜித் செய்த யாகம் முடிந்தால் அவனை வெல்ல முடியாது என்று சொல்லி, இலக்குவனைக் கூட்டிப்போய்க் காட்டியது யார்? அண்ணன் பெற்ற பிள்ளை ஐயா! குணம் கெட்டவனானாலும் சொந்தம் சொந்தம்தான், அந்நியன் அந்நியன்தான் என்று வால்மீகியில் அந்தப் பிள்ளையே சித்தப்பாவை முகத்துக்கு நேரே கேட்கிறான். கம்பனில் கும்பகர்ணனைப் பாருங்கள். தன்னை அழைக்க வந்த தம்பியிடம், 'நீர்க்கோல வாழ்வை' நம்பி, இத்தனை நாள் வளர்த்துப் போர்க்கோலம் பூட்டி அனுப்பியவனுக்கு உயிரைக் கொடுக்காமல் வரமாட்டேன் என்கிறான். தண்ணீரில் போட்ட கோலம்! படிக்கும்போதெல்லாம் தொண்டை அடைக்கும்.

நடுச்சாமம்:
எனக்கும் அடைக்கும். அதற்காக அது அறமாகிவிடுமா? பேசுவது மானம், உள்ளே பேணுவது காமம் என்று அண்ணனைச் சபையில் குத்திக்காட்டியவன்தானே அவன். இவ்வளவு தெரிந்தவன் களத்தில் எத்தனை வானரங்களை அள்ளி விழுங்கினான்? செஞ்சோற்றுக்கடன் அவனுடையது, அடைத்தது வானரங்களின் உயிரால்.

சோழிப்பை:
இடையில் நுழைகிறேன். பாரதத்திலும் இப்படி ஒரு ஜோடி உண்டு. திரௌபதியைச் சபைக்கு இழுத்து வந்தபோது, நூறு பேரில் எழுந்து இது தவறு என்றவன் விகர்ணன் ஒருவன்தான். போரில் அண்ணன் பக்கமே நின்றான். பீமன் கையால் செத்தான், கொன்ற பீமனே வருந்தினான். திருதராஷ்டிரனுக்கு வைசியப் பெண்ணிடம் பிறந்த யுயுத்சுவோ, போர் தொடங்கும் முன் தருமன் கூப்பிட்டதும் அணி மாறினான், பிழைத்தான். விகர்ணனுக்காக உச்சுக்கொட்டுகிறோம், யுயுத்சு பேரைக் கேட்டால் யார் அது என்கிறோம். நமக்குச் செத்தவனைத்தான் பிடிக்கும்போல.

பனையோலை:
கர்ணனை விட்டுவிட்டீர்களே! நீதான் மூத்தவன், அரசு உனக்குத்தான் என்று கண்ணனே சொல்லியும் மசியாதவன்.

நடுச்சாமம்:
பேசிய விகர்ணனைச் சின்னப் பையன் என்று அடக்கியது அந்தக் கர்ணன்தான். திரௌபதியின் ஆடையைப் பறி என்று துச்சாதனனுக்குச் சொன்னதும் அவன்தான். சோறு போட்டவன் அதைக் கேட்கவில்லையே, இவனாகத்தானே சொன்னான். அதை எந்தக் கடனில் எழுதுவது?

பனையோலை:
அது கறைதான், ஒப்புக்கொள்கிறேன். கும்பகர்ணனிடம் அப்படி ஒன்று காட்டுங்கள். மூக்கும் காதும் போய், சாகும் நேரத்தில் இராமனிடம் என்ன கேட்டான்? இராவணன் கண்ணில் பட்டால் தம்பியைக் கொன்றுவிடுவான், உங்களைவிட்டு அவன் பிரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றான்.

நடுச்சாமம்:
அதையேதான் நானும் சொல்ல வந்தேன். அதற்கு முன்பே, சீக்கிரம் போய் இராமனோடு சேர்ந்துகொள் என்று தம்பியை அனுப்பிவைத்தவனும் அவன்தான். உங்கள் கட்சித் தலைவரே விபீஷணனைத் துரோகி என்று சொல்லவில்லை, நீங்கள் எப்படிச் சொல்கிறீர்கள்?

பனையோலை:
இடிக்கிறது, மறுக்கவில்லை. அந்தப் படலத்தை இன்று ராத்திரி மறுபடி படித்துவிட்டு வருகிறேன். ஆனால் நிகும்பிலையை மட்டும் விடுவதாக இல்லை.