மகளுக்கு எதை முதலில் கொடுப்பது? வாசித்தவர்கள் சொல்லுங்களேன்

எல்லாருக்கும் வணக்கம். ராபின் மெக்கின்லி எழுதிய 'தி ப்ளூ ஸ்வோர்ட்' (1982) நாவலை இருபது வருஷம் கழித்து இந்த வாரம் மறுபடி படித்தேன். கோன்டூரன் என்ற நீல வாளை கதாநாயகி ஹாரி ஏந்தும் இடம் வந்ததும் பழையபடி புல்லரித்தது. சன்கோல்ட் குதிரைமேல் அவள் பயிற்சி எடுக்கும் பக்கங்களை இரண்டு தடவை படித்தேன். சண்டையைவிட எனக்குப் பிடித்தது அந்த உடல்வலியும் பிடிவாதமும்தான்.

ஆனால் ஒன்று உறுத்துகிறது. மலைநாட்டு அரசன் கோர்லத், ஹாரியைத் தூக்கத்திலேயே கடத்திக்கொண்டு போகிறான். பதினான்கு வயதில் அதைச் சாகசமாகத்தான் படித்தேன். இப்போது மனசு ஒப்பவில்லை. என் மகளுக்குப் பன்னிரண்டு வயது. இதைப் பிள்ளைகளுடன் சேர்ந்து படித்தவர்கள், அந்தக் கடத்தலைப் பற்றி என்ன பேசினீர்கள்?

இன்னொன்று: பல தலைமுறைக்கு முன்பு அதே வாளை ஏந்திய ஏரினின் கதை 'தி ஹீரோ அண்ட் தி க்ரௌன்', 1984-இல்தான் வந்தது, 1985-இல் நியூபெரி பதக்கமும் (சிறுவர் நூல்களுக்கான அமெரிக்க விருது) வாங்கியது. அதை முதலில் கொடுக்கலாமா? ஏரின் யாரென்று முன்பே தெரிந்துவிட்டால் ஹாரியின் கதையில் அந்த மர்மம் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. மகளின் அரையாண்டு லீவுக்குள் ஆரம்பிக்க ஆசை.