பழைய டூ ஸ்ட்ரோக் வண்டியில் டைமிங் வைத்த அனுபவங்கள்

(எங்கள் குழுவில் பலர் எழுதியவை; நட்சத்திரக் குறி வரும் இடத்தில் பேசுபவர் மாறுகிறார். டைமிங் என்றால் பிளக்கில் ஸ்பார்க் வரும் நேரம்.)

யமஹா ஆர்டி350 ஒன்று என் கைக்கு வந்தபோது ஒரு பக்க சிலிண்டர் மட்டும் அதிகமாகச் சூடாகிக்கொண்டிருந்தது. முன்பு வைத்திருந்தவர் ஜெட் மாற்றி, பிளக் மாற்றி, கார்புரேட்டரைப் பலமுறை பிரித்துப் போட்டிருக்கிறார், பாயிண்ட் (திறந்து மூடி ஸ்பார்க்கை உண்டாக்கும் தொடுமுனை) மூடியை மட்டும் திறந்ததாகத் தெரியவில்லை. இந்த எஞ்சினில் சிலிண்டருக்கு ஒரு பாயிண்ட், ஒரு கண்டென்சர், ஒரு காயில். ஒரு பக்கம் சரியாக இருப்பதால் மறுபக்கமும் சரி என்று நினைக்க வழியே இல்லை.

டயல் கேஜ் (பிஸ்டன் நகர்வை மி.மீ.யில் காட்டும் கருவி) மாட்டி பாயிண்ட் எங்கே திறக்கிறது என்று பார்த்தால் ஒரு பக்கம் 2 மி.மீ., சூடாகிற பக்கம் 2.6. இருக்க வேண்டியது பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு 2.0 மி.மீ. முன்னால், அதாவது கிராங்க் கோணத்தில் சுமார் 20 டிகிரி. 0.6 மி.மீ. என்றால் என்ன பெரிதாக வந்துவிடப் போகிறது என்று தோன்றும், ஆனால் கோணத்தில் அது கிட்டத்தட்ட மூன்று டிகிரி, டூ ஸ்ட்ரோக்குக்கு அது அதிகம்.

இதில் மோசமான விஷயம் என்னவென்றால் அட்வான்ஸ் ஏறிய, அதாவது ஸ்பார்க் சீக்கிரம் வரும் வண்டி ஓட்டுவதற்கு நன்றாகத்தான் இருக்கும். கீழ் வேகத்தில் சுறுசுறுப்பாக இழுக்கும், யாருக்கும் சந்தேகமே வராது. நாக்கிங் (கலவை தாறுமாறாக எரிந்து தட்டும்) சத்தமும் சைலன்சர் சத்தத்தில் அமுங்கிப்போகும். முழு த்ராட்டிலில் நீண்ட நேரம் போகும்போதுதான் பிஸ்டன் தலை உருகும், இல்லை சீஸ் ஆகும் (சிலிண்டரில் இறுகி நின்றுவிடும்). ரிட்டார்ட் ஆன, அதாவது ஸ்பார்க் தாமதமாக வரும் வண்டி சோம்பலாக இருக்கும், சைலன்சர் கொதிக்கும், ஆனால் உடனே உயிரை எடுக்காது. இரண்டில் ஒன்றுதான் வாய்க்கும் என்றால் நான் அரை டிகிரி பின்னால் வைத்துவிட்டுத் தூங்கப் போவேன்.

வரிசை முக்கியம். கேப் (பாயிண்ட் திறந்திருக்கும்போது உள்ள இடைவெளி) முதலில், டைமிங் அப்புறம். கேப் கூடினால் பாயிண்ட் சீக்கிரம் திறக்கும், டைமிங் முன்னால் போகும், குறைந்தால் பின்னால் வரும். அதனால் டைமிங் வைத்த பிறகு கேப்பைத் தொட்டால் செய்த வேலை அவ்வளவும் வீண். 0.3 முதல் 0.4 மி.மீ.க்குள் வைத்து, ஸ்க்ரூவை இறுக்கியபின் ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் தகடு) மறுபடி விட்டுப் பாருங்கள், இறுக்கும்போதே நகர்ந்திருக்கும். பிறகு உச்சியில் டயலைப் பூஜ்யம் செய்து, கிராங்கைப் பின்பக்கமாக 4 மி.மீ. வரை இறக்கி, ஓடும் திசையில் மெதுவாக 2.0க்குக் கொண்டுவாருங்கள். பாயிண்ட் கம்பிக்கும் பாடிக்கும் இடையே ஒரு சின்ன பல்ப், சாவி ஆன். பாயிண்ட் திறக்கும் நொடியில் பல்ப் எரியும். பாயிண்ட் தட்டைக் கிராங்க் சுற்றும் திசைக்கு எதிராகத் திருப்பினால் அட்வான்ஸ். அடித்தட்டை நகர்த்தினால் இரண்டு பாயிண்டும் சேர்ந்து நகரும், ஆகவே அதில் உள்ள பக்கத்தை முதலில் முடித்துவிட்டு, சின்னத் தட்டில் உள்ளதை அதற்குப் பிறகு.

*

மேலே சொன்ன பல்ப் வேலை பேட்டரி காயில் உள்ள வண்டிக்குச் சரி. என்னுடையது ஃப்ளைவீல் மேக்னெட் வண்டி (பேட்டரிக்குப் பதில் சுழலும் காந்தத்தால் ஸ்பார்க் வருவது), அதில் நான் பல்ப் போட்டுப் பார்த்தபோது பாயிண்ட் திறந்தாலும் மூடினாலும் ஒரே மாதிரி எரிந்தது. உள்ளே இருக்கும் காயில் மிகக் குறைந்த ரெசிஸ்டன்ஸோடு எர்த்துக்குப் போகிறது, கரண்ட் அந்த வழியாகப் போய்விடுகிறது. காயில் கம்பியைத் தனியாகக் கழற்றிவிட்டுச் செய்தால் பல்ப் ஒழுங்காக அணையும், எரியும். அதுகூட இல்லாமல் நான் இப்போது சிகரெட் தாள் ஒரு துண்டைப் பாயிண்டுக்கு நடுவே வைத்து லேசாக இழுத்துக்கொண்டே ஃப்ளைவீலைத் திருப்புகிறேன். தாள் நழுவும் இடம்தான் திறக்கும் இடம். முடிந்ததும் பாயிண்டைத் துடைத்துவிடுங்கள், தாளின் தூசி ஒட்டியிருந்தால் ஸ்பார்க் வராது.

இன்னொன்று, மேக்னெட் வண்டியில் கேப்பை ஏற்றி இறக்கி டைமிங்கைச் சரிக்கட்டும் பழக்கம் வேண்டாம். ஸ்டேட்டர் தட்டைத் திருப்பினால் காயிலும் பாயிண்டும் சேர்ந்து நகரும், காந்தம் வலுவாக இருக்கும் இடத்திலேயே பாயிண்ட் திறக்கும். கேப்பை மட்டும் மாற்றினால் அந்தப் பொருத்தம் கெட்டு ஸ்பார்க் மெலியும். அடித்தட்டு நகராத சில சின்ன வண்டிகளில் வேறு வழியில்லை, அங்கே அனுமதித்த கேப் அளவுக்குள்ளேயே விளையாட வேண்டும்.

*

டயல் கேஜ் வைப்பவர்கள் பிளக் துளையைக் கவனியுங்கள். தலையில் துளை நேராக இருந்தால் பிரச்சினை இல்லை. சாய்வாக இருந்தால் கேஜ் காட்டும் அளவும் பிஸ்டன் உண்மையில் நகரும் அளவும் வேறு. 30 டிகிரி சாய்வு என்றால், தட்டையான பிஸ்டனில் 2 மி.மீ. நகர்வை கேஜ் 2.3 என்று காட்டும். கேஜில் 2 வைத்துவிட்டு ஏன் வண்டி இழுக்கவில்லை என்று நண்பர் ஒருவர் பெட்ரோலையும் எண்ணெயையும் திட்டிக்கொண்டிருந்தார். தலையைக் கழற்றி நேராக அளந்து அவருக்குக் காட்டினோம், அதன்பின் டிகிரி தட்டு (கிராங்க் கோணத்தைக் காட்டும் வட்டு) மாட்டித்தான் வைக்கிறார்.

ஃப்ளைவீல் மேல் உள்ள கோட்டையும் நான் கண்ணை மூடிக்கொண்டு நம்புவதில்லை. வேறு வண்டியின் ஃப்ளைவீல் மாட்டியிருக்கலாம், ஃப்ளைவீலைத் தண்டோடு பூட்டும் சின்ன உலோகச் சாவி அரைகுறையாக அறுந்திருக்கலாம்.

*

எங்கள் குழுவில் நடந்தது. ஒரு பழைய பிஸ்டன் போர்ட் வண்டி (பிஸ்டனே போர்ட் என்ற துளைகளைத் திறந்து மூடுவது), அட்வான்ஸ் எக்கச்சக்கமாக வைத்திருந்தார்கள். கிக்கர் திரும்ப உதைத்துக் கால் வலித்ததோடு போகவில்லை. நிறுத்தத்தில் ஐடிலில் சாகப்போன எஞ்சின் திடீரென்று பிழைத்துக்கொண்டது. முதல் கியர் போட்டு க்ளட்சை விட்டதும் வண்டி பின்னாடி போனது! பின்னால் நின்ற நான் காலை எடுத்துத் தப்பித்தேன். போர்ட் திறப்பும் மூடலும் உச்சிக்கு இருபுறமும் ஒரே மாதிரி இருப்பதால் இந்த எஞ்சின்களுக்கு எந்தப் பக்கம் சுற்றினாலும் ஒன்றுதான். டைமிங் சரியானபின் அந்த வண்டி மறுபடி அப்படிச் செய்யவில்லை.

*

ஸ்ட்ரோப் லைட் (ஸ்பார்க் வரும்போதெல்லாம் மின்னும் விளக்கு) இருப்பவர்கள் கட்டாயம் ஓடவிட்டுப் பாருங்கள். பழைய டூ ஸ்ட்ரோக் பலவற்றில் டைமிங் ஒரே இடத்தில் நிலையானது, ரேஸ் கொடுத்தாலும் கோடு நகரக்கூடாது. என் வண்டியில் கோடு நடனமாடியது. பாயிண்ட் ஸ்பிரிங் என்று நினைத்து மாற்றியும் அதே கதை. கடைசியில் ரோட்டரைக் கையால் மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தேன், ஆடியது. கிராங்க் மெயின் பேரிங் தேய்மானம். தண்டு 0.1 மி.மீ. ஆடினால் கேப்பும் அவ்வளவு மாறும், அப்படி இருக்கையில் எந்தத் தட்டை எங்கே வைத்தும் பயனில்லை. அதோடு பேரிங் ஆடும்போது பக்கத்தில் உள்ள ஆயில் சீலும் கிழிந்து காற்று உள்ளே போகும், கலவை மெலிந்து சூடு இன்னும் ஏறும். பேரிங், சீல் மாற்றியபின் கோடு ஆணி அடித்த மாதிரி நின்றது.

*

ஆர்டிக்காரர்தான் மறுபடியும். பேரிங் விஷயம் நல்ல தகவல், எனக்கு அது தோன்றவில்லை, இந்த வாரம் ஆட்டிப் பார்க்கிறேன். பாயிண்டைத் திறக்கும் கேம் பக்கத்தில் இருக்கும் ஃபெல்ட்டில் இரண்டு சொட்டு எண்ணெய் விடுவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அது காய்ந்தால் கேமில் உரசும் பாயிண்டின் குதிகால் தேய்ந்து கேப் குறையும், டைமிங் தானாகப் பின்னால் போகும். இரண்டு சொட்டுக்கு மேல் வேண்டாம், பாயிண்டில் தெறித்தால் அடுத்த தலைவலி அது.