குடும்பக் குழு: அத்தை வீட்டுக் கணினியில் விபிஎன் சேரவில்லை

வசந்தி அத்தை (காலை 9:14): கதிர், வேலையில் இருக்கிறாயா? வீட்டிலிருந்து ஆபீஸ் நெட்வொர்க்குக்குள் போகும் விபிஎன் சேரவே மாட்டேன் என்கிறது. இன்றைக்கு 20ஆம் தேதி, பார்ட்டிகளுக்கு ஜிஎஸ்டி 3பி ரிட்டர்ன் போட வேண்டும். கணக்கு எழுதும் டாலி எல்லாம் சென்னை ஆபீஸ் சர்வரில்தான் இருக்கிறது.

வசந்தி அத்தை: 📷 படம்

பெரியப்பா: வசந்தி, கம்ப்யூட்டரை ஒரு முறை அணைத்துப் போட்டுப் பார்.

வசந்தி அத்தை: பார்த்துவிட்டேன் அண்ணா. அப்படியேதான் நிற்கிறது.

கதிர்: அத்தை, முதலில் அந்தப் படத்தைக் குழுவிலிருந்து அழித்துவிடுங்கள். சர்வர் முகவரியும் உங்கள் யூசர் பெயரும் அதில் தெரிகின்றன. படம் எனக்குத் தனியாக வந்தால் போதும். பாஸ்வேர்டையும், ஆபீஸில் கொடுத்த அந்த நீளமான ப்ரீ ஷேர்ட் கீயையும் எனக்குக்கூட அனுப்ப வேண்டாம்.

வசந்தி அத்தை: அழித்துவிட்டேன்.

முகில்: அத்தை, என் நண்பர்கள் ஒரு இலவச விபிஎன் ஆப் வைத்திருக்கிறார்கள். லிங்க் அனுப்பட்டுமா?

கதிர்: வேண்டாம் முகில். அந்த ஆப் நம் இணையத்தை வேறு யாருடைய சர்வர் வழியாகவோ வெளியே விடும். அத்தைக்கு வேண்டியது ஆபீஸ் நெட்வொர்க்குக்கு உள்ளே போகும் வழி. அதை ஆபீஸ் சர்வர் மட்டும்தான் தர முடியும். அதோடு, பிறர் கணக்கு வழக்கு இருக்கும் கணினி அது. முகம் தெரியாத ஒருவருடைய மென்பொருளை அதில் ஏற்றக் கூடாது.

பெரியப்பா: விபிஎன் என்பதையே அரசாங்கம் தடை செய்துவிட்டதாகப் படித்தேனே தம்பி?

கதிர்: தடை இல்லை பெரியப்பா. 2022 ஏப்ரலில் அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் ஓர் உத்தரவு போட்டது. பொதுமக்களுக்கு விபிஎன் விற்கும் நிறுவனங்கள் வாடிக்கையாளர் பெயர், முகவரி, கொடுத்த ஐபி எண் முதலிய விவரங்களை 5 ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்று. அது பிடிக்காமல் சில வெளிநாட்டு நிறுவனங்கள் இந்தியாவில் இருந்த சர்வர்களை எடுத்துவிட்டன. ஆபீஸ்கள் தங்கள் ஊழியர்களுக்கு வைத்திருக்கும் விபிஎன்னுக்கு அது பொருந்தாது என்று செர்ட்-இன்னே விளக்கமும் கொடுத்தது. அத்தை செய்வதில் எந்தத் தவறும் இல்லை.

மாமா: பக்கத்து வீட்டுப் பையன் ஃபயர்வாலை அணைத்தால் சேரும் என்கிறான். அணைக்கவா?

கதிர்: இப்போது எதையும் தொட வேண்டாம் மாமா. எந்தப் பக்கம் அறுந்திருக்கிறது என்று தெரியாமல் ஆளுக்கொன்றை மாற்றினால், பழையபடி எப்படி இருந்தது என்பதே மறந்துபோகும். அத்தை, கடைசியாக எப்போது சேர்ந்தது? அதற்கு அப்புறம் வீட்டில் என்ன மாறியது?

வசந்தி அத்தை: வெள்ளிக்கிழமை நன்றாக வேலை செய்தது. சனிக்கிழமை ஃபைபர் கனெக்‌ஷன் மாற்றினோம். புது ரவுட்டர் வைத்துவிட்டுப் போனார்கள். ஆனால் இணையம் வேகமாகத்தான் வருகிறது.

கதிர்: சரி, இது முக்கியமான தகவல். இன்னொன்றும் வேண்டும். விண்டோஸ் செட்டிங்ஸில் வரும் செய்தி நீளமாக இருக்கிறதே தவிர அதில் எண் இல்லை. ஸ்டார்ட்டில் ஈவென்ட் வியூவர் என்று தேடித் திறங்கள். அதில் விண்டோஸ் லாக்ஸ், அதற்குள் அப்ளிகேஷன். நடுவில் ராஸ்கிளையன்ட் என்ற பெயரில் 20227 என்று ஒரு வரி இருக்கும். அதைச் சொடுக்கினால் கடைசியில் ஒரு பிழை எண் வரும்.

வசந்தி அத்தை: 809 என்று இருக்கிறது.

கதிர்: நல்லது. 691 வந்திருந்தால் பெயரோ பாஸ்வேர்டோ தவறு. 868 என்றால் சர்வர் பெயரைக் கண்டுபிடிக்க முடியவில்லை. 809 என்றால் உங்கள் கணினி கூப்பிடுகிறது, பதில் திரும்பி வரவில்லை. உங்கள் விபிஎன் எல்2டிபி என்ற வகை. அது யுடிபி 500, 4500 என்ற இரண்டு போர்ட் (எண்ணிட்ட வாசல்) வழியாகப் போகும். வழியில் யாராவது அதை மறித்தால் இந்த எண்தான் வரும்.

பெரியப்பா: என் கம்ப்யூட்டரில் தினமும் காலையில் தேதி பழையதாகக் காட்டுகிறது. அது மாதிரி ஏதாவது இருக்குமா?

கதிர்: நல்ல கேள்வி பெரியப்பா. சான்றிதழை வைத்துச் சரிபார்க்கும் விபிஎன்னாக இருந்தால் தேதி தவறினாலே சேராது. அத்தையுடையது அந்த ப்ரீ ஷேர்ட் கீ என்ற சாவியை வைத்துச் சரிபார்ப்பது, அதனால் இங்கே அது காரணம் இல்லை. உங்கள் மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பேட்டரி தீர்ந்திருக்கும். வாட்ச் கடையிலேயே கிடைக்கும், மாற்றிவிடுங்கள். அப்படியே விட்டால் ஒரு நாள் பேங்க் தளமே திறக்காது.

கதிர்: அத்தை, இப்போது ஒரு சோதனை. உங்கள் கணினியில் வைஃபை கிடையாது இல்லையா? லேன் கேபிளைக் கழற்றிவிட்டு, போனை சார்ஜர் கேபிளால் கணினியில் இணைத்து, போனில் யுஎஸ்பி டெதரிங்கை ஆன் செய்யுங்கள். கணினி போன் இணையத்தில் ஓடும். அப்புறம் விபிஎன்னைப் போடுங்கள்.

முகில்: அண்ணா, ஒரு வீடியோவில் விண்டோஸின் உள் அமைப்புகள் இருக்கும் ரெஜிஸ்ட்ரியில் ஒரு வரி சேர்த்து 2 என்று கொடுத்தால் 809 போய்விடும் என்கிறார்கள். அனுப்பவா?

கதிர்: அந்த வழி பொய் இல்லை முகில். ஆபீஸ் சர்வர் ஒரு ரவுட்டருக்குப் பின்னால் இருந்தால் அது தேவைப்படும். ஆனால் அதுதான் குறை என்றால் போன் இணையத்திலும் சேரக் கூடாது. கொஞ்சம் பொறு, அத்தை பார்த்துச் சொல்லட்டும்.

வசந்தி அத்தை (காலை 9:52): சேர்ந்துவிட்டது!! டாலியும் திறக்கிறது!

மாமா: 👏👏

கதிர்: அப்படியானால் உங்கள் கணினி, பாஸ்வேர்டு, ஆபீஸ் சர்வர் மூன்றும் சரி. ரெஜிஸ்ட்ரியும் வேண்டாம், ஃபயர்வாலையும் அணைக்க வேண்டாம். கோளாறு புது ரவுட்டரில். அத்தை, நீங்கள் போன் இணையத்திலேயே உட்கார்ந்து அவசர வேலையை முடியுங்கள். டாலிக்குப் பெரிய டேட்டா செலவாகாது. ஒரு நாள் தள்ளினாலும் லேட் ஃபீ வந்துவிடும். மற்றதை மதியம் பார்ப்போம்.

வசந்தி அத்தை: கோடி புண்ணியம் தம்பி. தொடங்கிவிட்டேன்.

வசந்தி அத்தை (மதியம் 2:35): எல்லா ரிட்டர்னும் போட்டாயிற்று. மாமா ரவுட்டர் பக்கத்தில் ரெடியாக நிற்கிறார்.

கதிர்: மாமா, ரவுட்டரின் அடியில் ஒரு ஸ்டிக்கரில் முகவரியும் லாகினும் இருக்கும். லேன் கேபிளைத் திரும்ப மாட்டி, அந்த முகவரியை பிரவுசரில் போட்டு உள்ளே போங்கள். செக்யூரிட்டி பக்கத்தில், விபிஎன்னை மறிக்காமல் விடுவதற்கான ஏஎல்ஜி அல்லது விபிஎன் பாஸ்த்ரூ என்று ஏதாவது இருக்கிறதா?

மாமா: ஏஎல்ஜி இருக்கிறது. எல்2டிபி, ஐபிசெக் இரண்டுக்கும் டிக் இல்லை.

கதிர்: இரண்டுக்கும் டிக் போட்டுச் சேமியுங்கள். சில ரவுட்டர்களில் இதற்கு நேர்மாறாக, டிக்கை எடுத்தால்தான் சேரும். அதனால் இப்போது இருப்பதை ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டு மாற்றுங்கள். அப்புறம் ரவுட்டரை அணைத்துப் போடுங்கள்.

வசந்தி அத்தை: விபிஎன் சேர்ந்துவிட்டது கதிர். ஆனால் டாலி டேட்டா ஃபோல்டர் கிடைக்கவில்லை என்கிறது. காலையில் போனில் திறந்ததே?

கதிர்: ஃபோல்டர் பாதையில் சர்வர் எண் 192.168.1 என்று தொடங்குகிறதா?

வசந்தி அத்தை: ஆமாம். 192.168.1.10.

கதிர்: மாமா, ரவுட்டர் ஸ்டிக்கரில் என்ன முகவரி?

மாமா: 192.168.1.1.

கதிர்: அதுதான். வீட்டு நெட்வொர்க்கும் ஆபீஸ் நெட்வொர்க்கும் ஒரே எண் வரிசையில் இருக்கின்றன. ஒரே ஊரில் இரண்டு காந்தி தெரு இருந்தால் தபால்காரர் பக்கத்துத் தெருவிலேயே தேடிவிட்டுத் திரும்புவார் இல்லையா, அப்படித்தான் கணினி ஆபீஸ் சர்வரை வீட்டுக்குள்ளேயே தேடுகிறது. காலையில் போன் வேறு வரிசையில் எண் கொடுத்ததால் இந்த மோதல் வரவில்லை. பழைய ரவுட்டரும் வேறு வரிசையில் இருந்திருக்கும்.

மாமா: ஆபீஸில் மாற்றச் சொல்லவா?

கதிர்: அங்கே மாற்றினால் எல்லோருக்கும் தொந்தரவு. நம் வீட்டில் மாற்றுவது சுலபம். ரவுட்டரில் லேன் செட்டிங்ஸில் ஐபியை 192.168.50.1 என்று மாற்றுங்கள். அதற்குக் கீழே, வீட்டுக் கருவிகளுக்கு எண் கொடுக்கும் டிஹெச்சிபி வரிசையும் 192.168.50 என்று மாறியிருக்கிறதா என்று பாருங்கள். சேமித்ததும் அந்தப் பக்கம் அறுந்துபோகும், பயப்பட வேண்டாம். கணினியையும் ஒரு முறை அணைத்துப் போடுங்கள். வீட்டில் நிலையான ஐபி கொடுத்து வைத்த கேமராவோ பிரிண்டரோ இருக்கிறதா?

மாமா: பிரிண்டர் யுஎஸ்பியில் இருக்கிறது. வாசல் கேமரா வைஃபையில் தானாக எடுத்துக்கொள்கிறது.

கதிர்: அப்படியானால் வேறு வேலை இல்லை.

வசந்தி அத்தை (மதியம் 3:20): திறந்துவிட்டது கதிர்! காலையை விட வேகமாக இருக்கிறது.

முகில்: அண்ணா, அந்த வீடியோவை நம்பி அப்படியே செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

கதிர்: பெரிய கெடுதல் இல்லை. ஆனால் விபிஎன்னும் சேர்ந்திருக்காது, இருந்த ஒரு நாளும் போயிருக்கும். இன்னொன்று: சில சமயம் வீட்டில் எதுவும் மாறாமலே விபிஎன் நின்றுவிடும். 2022 ஜனவரியில் வந்த விண்டோஸ் அப்டேட் ஒன்று எல்2டிபியைக் கெடுத்தது. சில நாளில் திருத்தம் வெளியிட்டார்கள். ரெஜிஸ்ட்ரியைக் கலைத்து வைத்தவர்கள் அதை வேறு சரிசெய்ய வேண்டியிருந்திருக்கும்.

கதிர்: அத்தை, ஆபீஸில் ஐடி பார்ப்பவரிடம் ஒன்று சொல்லுங்கள். பிபிடிபி, எல்2டிபி என்ற இரண்டு விபிஎன் வகைகளையும் இனி வரும் விண்டோஸ் சர்வர் பதிப்புகளில் கைவிடப்போவதாக மைக்ரோசாஃப்ட் 2024 அக்டோபரில் அறிவித்திருக்கிறது. எஸ்எஸ்டிபி, ஐகேஇவி2 என்ற வேறு வகைகளில் ஒன்றுக்கு மாறிக்கொள்வது நல்லது. எஸ்எஸ்டிபி 443 போர்ட்டில் போகும். வழக்கமான பாதுகாப்பான இணையதளங்கள் போகும் அதே வழி என்பதால் ரவுட்டர்கள் பெரும்பாலும் மறிக்காது. உங்களைப் போல வீட்டிலிருந்து வேலை செய்கிறவர்களுக்கு ரிட்டர்ன் போடும் நாளில் இந்தத் தவிப்பு வரக் கூடாது.

வசந்தி அத்தை: அவருக்கு இவ்வளவும் என்னால் சொல்லத் தெரியாது. உன் நம்பரைக் கொடுக்கட்டுமா?

கதிர்: கொடுங்கள் அத்தை. 6 மணிக்கு மேல் கூப்பிடச் சொல்லுங்கள். மாமா, ரவுட்டர் லாகின் பாஸ்வேர்டு ஸ்டிக்கரில் இருப்பதுதானே? இன்றைக்கே மாற்றி, ஒரு டைரியில் எழுதி வையுங்கள். புது முகவரி 192.168.50.1 என்பதையும் சேர்த்து.

மாமா: எழுதிவிட்டேன்.