புதுப்பிப்பு: இன்டர்கூலரில் தேங்கிய தண்ணீர்

மழை நாளில் ஒரே வேகத்தில் நெடுந்தூரம் ஓட்டிவிட்டு ஆக்சிலரேட்டரை மிதித்தால் என்ஜின் திணறுகிறது என்று முன்பு எழுதியிருந்தேன். டர்போ அழுத்தி அனுப்பும் சூடான காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரைக் கழற்றிக் கவிழ்த்தேன். எண்ணெய் கலந்த தண்ணீர் கொட்டியது!

அழுத்தப்பட்ட ஈரக்காற்று இன்டர்கூலரில் குளிரும்போது அதிலுள்ள ஈரம் சீக்கிரமே நீராகிவிடும். நிதானமாக ஓட்டும்போது அதை அடித்துச்செல்லும் அளவுக்கு உள்ளே காற்றோட்டம் இருப்பதில்லை, அடியிலேயே தேங்குகிறது. திடீரென்று மிதித்ததும் மொத்தமாக சிலிண்டருக்குள் பாய்ந்து மிஸ்ஃபயர் (எரிபொருள் சரியாகப் பற்றாமல் போவது) ஆகிறது.

காற்று அளவுக்கு மீறிக் குளிராமல் இருக்க, இப்போது இன்டர்கூலர் முகப்பின் கீழ்ப்பாதியைத் தகட்டால் மறைத்திருக்கிறேன். அதன்பிறகு மூன்று மழைப் பயணம், ஒரு திணறல்கூட இல்லை. வெயில் காலத்தில் தகட்டைக் கட்டாயம் எடுத்துவிடுங்கள். உள்ளே போகும் காற்று சூடேறினால் நாக்கிங் (எரிபொருள் கலவை தானாகவே பற்றி வெடிப்பது) வரும்.

கிராங்க்கேஸிலிருந்து (என்ஜினின் அடிப்பகுதி) காற்றுப்பாதைக்குத் திரும்பும் ஆவியிலும் ஈரம் உண்டு என்பதால், அதைப் பிடித்துவைக்கும் கேட்ச் கேன் என்ற டப்பாவும் மாட்டினேன். தண்ணீர் வடிய இன்டர்கூலரின் அடியில் துளை போடும் யோசனையைக் கைவிட்டேன், பூஸ்ட் (டர்போ தரும் காற்றழுத்தம்) கசியும்.