புதுப்பிப்பு: ஆழியாறு எச்டிஆர் படத்தில் தென்னை ஓலை இரட்டையாகத் தெரிந்தது சரியாயிருச்சு

போன மாசம் கேட்டிருந்தேன்: ஆழியாறு அணைக்கரையில் 16 மி.மீ. லென்ஸில் −2, 0, +2 என (இருட்டா, சரியா, வெளிச்சமா) மூணு படம் எடுத்து லைட்ரூம் எடிட்டிங் மென்பொருளில் ஒரே எச்டிஆர் படமா இணைச்சா, ஓலையெல்லாம் பேய் மாதிரி இரட்டையாத் தெரியுது, மலை விளிம்பில் வெள்ளைக் கோடு வேற. பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றிங்க.

முதல்ல டீகோஸ்ட்டை (படங்களை இணைக்கும்போது அசைஞ்சது இரட்டையாத் தெரியாம நீக்குற வசதி) ஹையில் வெச்சுப் பார்த்தேன். இரட்டை போச்சு, ஆனா ஓலை இருந்த இடம் மட்டும் நாய்ஸ் புள்ளி புள்ளியா நின்னுது. 'ஒரே ரா படம் (கேமரா பதிவு செஞ்சதைச் சுருக்காம வெச்சிருக்கிற கோப்பு) போதும்'னு ஒரு அண்ணன் சொன்னாருங்க, அதுதான் கைகொடுத்தது. மூணு படம் எடுத்து முடிக்கற வரைக்கும் ஓலை அசையாம இருக்க, பாலக்காட்டுக் கணவாய்க் காத்து ஆடியில் நமக்காக நிக்கவா போகுது! ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு அளவு) 100, வானம் வெளுக்காத அளவுக்கு எக்ஸ்போஷர். நிழலை அப்புறம் எடிட்டில் தூக்கிக்கிட்டேன்.

வெள்ளைக் கோடு என் கைவேலை. கிளாரிட்டியை (விளிம்புகளை எடுத்துக்காட்டுற எடிட் ஸ்லைடர்) +60 வரை இழுத்திருக்கேன். 15க்கு இறக்கினதும் காணோம்.

எதிர்பாராத ஒண்ணு: போலரைசர் (வானத்தை அடர்நீலமாக்குற லென்ஸ் ஃபில்டர்) போட்டதில் வானத்தில் ஒரு கருநீலத் திட்டு. சூரியனுக்கு 90 பாகை தள்ளித்தான் அதோட வேலை அதிகம்; ஃபுல் ஃபிரேமில் (36 மி.மீ. அகல சென்சார்) 16 மி.மீ. ஏறக்குறைய 97 பாகை அகலம் பிடிக்குது, வானம் ஒரே சீரா எப்படி வரும்? கழட்டிட்டேன்.

காத்தில்லாத விடியலில், சூரியன் ஃபிரேமுக்குள்ள வந்தா, மூணு படம்தான் இன்னமும் எடுக்கறேன்.