குஜராத்தில் முதல் டிசம்பர்: மதுரைக்குப் போவதா, இங்கேயே இருப்பதா?

வைகைக்கரையாள் கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். கணவருக்கு வதோதரா அருகே ஒரு தொழிற்சாலைக்கு மாற்றல் வந்ததால், பள்ளி திறக்கும் சமயத்தில் மதுரையிலிருந்து இங்கே குடிவந்தோம். மகள் ஒன்றாம் வகுப்புப் படிக்கிறாள். மகனுக்கு இரண்டு வயது நிறையப் போகிறது. தீபாவளிக்கு இங்கே பள்ளிக்கு மூன்று வாரம் விடுமுறை விட்டார்கள், ஆனால் கணவருக்கு அப்போது விடுப்புக் கிடைக்கவில்லை. இப்போது டிசம்பர் 25 முதல் ஜனவரி 1 வரை மட்டுமே மகளுக்கு விடுமுறை. அந்த வாரத்தில் கணவருக்கு விடுப்பு உறுதியாகியிருக்கிறது.

ஊரில் அரையாண்டுத் தேர்வு விடுமுறை என்றால் அத்தை வீட்டில் பேரப்பிள்ளைகள் எல்லாரும் கூடிவிடுவார்கள். இந்த ஆண்டும் நாங்கள் வருவோம் என்றுதான் அத்தையும் மாமாவும் எதிர்பார்த்திருக்கிறார்கள். ரயிலில் போனால் போக வர நான்கு நாட்கள் வண்டியிலேயே கழிந்துவிடும். போதாததற்கு எல்லா வகுப்புகளிலும் காத்திருப்புப் பட்டியல் நீண்டு கிடக்கிறது. நால்வரும் விமானத்தில் போய் வருவதற்கான செலவைக் கேட்டாலே மலைப்பாக இருக்கிறது. இங்கேயே இருந்தால் கட்ச், கிர், படேல் சிலை என்று பலரும் பல இடங்களைச் சொல்கிறார்கள், ஆனால் கைக்குழந்தையை வைத்துக்கொண்டு எது சரிப்படும் என்று எங்களுக்குத் தெரியவில்லை. அத்தை, மாமாவை இங்கே வரவழைப்பது பற்றியும் யோசிக்கிறோம். அத்தைக்கு மூட்டுவலி உண்டு. இங்கே பல ஆண்டுகளாக இருப்பவர்கள் தங்கள் அனுபவத்தைச் சொன்னால் உதவியாக இருக்கும்.

மணிநகர்வாசி:

வணக்கம் சகோதரி. நான் அகமதாபாத்தில் பிறந்து வளர்ந்தவன். என் தாத்தா காலத்தில் ஆலை வேலைக்கு வந்து மணிநகர்ப் பக்கம் தங்கிவிட்ட குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. ஊருக்குப் போவதா வேண்டாமா என்று முடிவு செய்வதற்கு முன், குஜராத்தின் பள்ளி ஆண்டு நம் ஊரைப் போல நடப்பதில்லை என்பதை மனத்தில் கொள்ளுங்கள். இங்கே பெரிய விடுமுறைகள் இரண்டுதான், கோடையும் தீபாவளியும். டிசம்பரில் கிடைப்பது ஒரு சலுகை போன்றது; பல பள்ளிகளில் கிறிஸ்துமஸ் ஒரு நாளோடு சரி. ஆகவே ஊருக்குப் போகும் பயணத்தைத் தீபாவளிக்கு மாற்றிக்கொண்ட குடும்பங்கள்தாம் இங்கே நிம்மதியாக இருக்கின்றன. முன்பதிவு இப்போது 60 நாட்களுக்கு முன்புதான் திறக்கிறது (2024 நவம்பருக்கு முன்பு இது 120 நாட்களாக இருந்தது). அந்த நாள் காலையிலேயே உட்கார்ந்து எடுத்துவிட வேண்டும்.

ரயில் கணக்கையும் பார்த்துவிடுவோம். நவஜீவன் எக்ஸ்பிரஸ் வதோதராவில் நிற்கும். சூரத், புசாவல், வார்தா, விஜயவாடா என்று சுற்றிக்கொண்டு சென்னைக்குப் போகும், அதன் பிறகு மதுரைக்குத் தனியே வண்டி பிடிக்க வேண்டும். ஓகாவிலிருந்து தூத்துக்குடி செல்லும் விவேக் எக்ஸ்பிரஸ் மதுரை வழியாகவே போகிறது, ஆனால் அது வாரத்தில் ஒரு நாள் மட்டும் ஓடும் வண்டி என்பதால் உங்கள் எட்டு நாள் விடுமுறைக்குள் போய்த் திரும்ப ஒத்துவராது. பெரியவர்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அவர்கள் டிசம்பர் நடுவிலேயே அதில் ஏறி, இடையில் எங்கும் இறங்காமல் வதோதராவில் வந்து இறங்கலாம். மூட்டுவலி உள்ளவர்களுக்கு அதுதான் பெரிய வசதி. கீழ்ப்படுக்கை கேட்டுப் பதிவு செய்யுங்கள்.

அவர்கள் வந்தால் வெகுதூரம் அலைய வேண்டியதில்லை. வதோதராவிலிருந்து ஏறத்தாழ 90 கிலோமீட்டரில் ஏக்தா நகர் இருக்கிறது; படேல் சிலையும் சர்தார் சரோவர் அணையும் அங்கேதான். 182 மீட்டர் உயரமுள்ள அந்தச் சிலையைக் கிட்டப்போய் அண்ணாந்து பார்ப்பதைவிட, வரும் வழியில் மலைகளுக்கு நடுவே அது முதலில் தலைகாட்டும் இடத்தில் பார்ப்பதுதான் எனக்குப் பிடிக்கும். குழந்தைகளுக்கு அங்கேயே விலங்குக் காட்சியகமும் பொம்மை ரயில் ஓடும் பூங்காவும் உண்டு. திங்கட்கிழமை எல்லாம் மூடியிருக்கும். கிறிஸ்துமஸ் வாரத்தில் கூட்டம் பொங்கி வழியும் என்பதால், மேலே ஏறிப் பார்க்கும் சீட்டை இணையத்தில் முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். பாவாகட் மலைக்கு ரோப் கார் இருக்கிறது என்று யாராவது சொல்லுவார்கள். இறங்கிய பின்னும் கோயிலுக்குப் படியேற வேண்டும், அத்தையை அங்கே கூட்டிப்போக வேண்டாம். அதன் அடிவாரத்திலுள்ள சாம்பானேர் சமதளம். யுனெஸ்கோ பட்டியலில் 2004இல் இடம்பெற்ற பழைய நகரம். மசூதி முற்றங்களில் குழந்தைகள் ஓடி விளையாட இடம் தாராளமாக இருக்கும்.

லட்சுமி விலாஸ் அரண்மனையையும் அத்தைக்குக் காட்டுங்கள். அதைக் கட்டிய பரோடா (இன்றைய வதோதரா) மன்னர் மூன்றாம் சயாஜிராவுக்கு 1880இல் வாழ்க்கைப்பட்டு வந்த அரசி தஞ்சாவூர்ப் பெண். அவருடைய சீர்வரிசையோடு தஞ்சை நடனக் கலைஞர்களும் பாட்டுக்காரர்களும் பரோடாவுக்கு வந்து சேர்ந்தார்கள். குஜராத்தில் பரதம் கால் ஊன்றியது அப்படித்தான்.

உப்புவெளி:

நாங்கள் சில ஆண்டுகள் புஜ் நகரில் இருந்தோம். கட்சைப் பற்றி மட்டும் சொல்கிறேன். வதோதராவிலிருந்து புஜ் நானூறு கிலோமீட்டருக்கு மேல். அங்கிருந்து வெண்பாலை தொடங்கும் தோர்தோ கிராமம் இன்னும் ஏறத்தாழ 80 கிலோமீட்டர். இரண்டு வயதுக் குழந்தையோடு இதை இரண்டு நாளில் முடிக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மூன்று இரவுகளாவது தங்க முடிந்தால்தான் புறப்பட வேண்டும்.

மழைக்காலத்தில் அந்த வெளி முழுவதும் நீர் தேங்கி நிற்கும். அது வற்ற வற்ற உப்பு படிந்துகொண்டே வரும். அதனால்தான் டிசம்பர் கடைசியில் தரை வெள்ளையாகவும் ஓரளவு கெட்டியாகவும் இருக்கிறது. மேலே நடந்தால் உப்புக்கட்டிகள் காலடியில் நொறுங்கும் சத்தம் கேட்கும். மகள் அதற்காகவே திரும்பத் திரும்பக் குதிப்பாள். ஓரங்களில் மேல்தட்டுக்குக் கீழே சேறு இருக்கும், ஆகவே குழந்தைகளுக்குச் செருப்பு வேண்டாம், கட்டும் காலணியே போடுங்கள். சூரியன் இறங்கியதும் காற்று முகத்தில் அறையும். பகலில் சட்டையோடு திரிந்த பிள்ளைக்கு அரைமணி நேரத்துக்குள் குல்லாவும் கம்பளிச் சட்டையும் தேவைப்படும். எல்லையோரப் பகுதி என்பதால் அனுமதிச் சீட்டு உண்டு. அடையாள அட்டைகளை மறக்க வேண்டாம்.

அங்கே சுற்றுலாப் பயணிகளுக்காக அமைக்கும் கூடார நகரத்தின் வாடகை இந்த வாரத்தில் உச்சத்தில் இருக்கும். ஹோட்கா போன்ற கிராமங்களில் புங்கா (bhunga) எனப்படும் வட்ட மண் வீடுகளில் தங்கலாம். 2001 நிலநடுக்கத்தில் புஜ்ஜில் கான்கிரீட் கட்டடங்கள் சரிந்தபோதும் இந்த வட்ட வீடுகள் பல தாக்குப்பிடித்தன. உள்சுவரில் களிமண்ணால் கோலம் போலப் புடைத்து வரைந்து, நடுநடுவே சிறு கண்ணாடித் துண்டுகளைப் பதித்திருப்பார்கள். விளக்கேற்றினால் அறை முழுவதும் மின்னும். மகனுக்கு அது போதும், வெண்பாலையே தேவையில்லை.

மதுரைக்காரர்கள் என்பதால் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. கீழடியைப் பார்த்திருக்கிறீர்கள் என்றால் தோலாவிராவை விட்டுவிடாதீர்கள். சிந்து வெளி மக்கள் பாறையைக் குடைந்து அமைத்த நீர்த்தேக்கங்களுக்குள் நின்று பார்க்கலாம். ஆனால் அதற்குப் பிள்ளைகள் கொஞ்சம் வளரட்டும்.

காட்டுவழி:

கிர் சிங்கக் காட்டைப் பற்றி யாரும் எழுதவில்லையே. சாசன் கிரில் ஜீப் சவாரிக்கான அனுமதி வனத்துறை இணையதளத்தில் மட்டுமே கிடைக்கும், கிறிஸ்துமஸ் வாரத்துக்கு அது வெகு சீக்கிரம் தீர்ந்துவிடும். கிடைக்காவிட்டால் தேவலியாவில் வேலியிட்ட காட்டுக்குள் பேருந்தில் அழைத்துப்போகிறார்கள். அங்கே சிங்கம் கண்ணில் படும் வாய்ப்பும் கூடுதல். சிறு குழந்தையை விடியற்காலைக் குளிரில் திறந்த ஜீப்பில் உட்கார வைப்பதைவிட அதுவே மேல் என்பேன். அங்கிருந்து சோமநாதர் கோயில் அதிகத் தொலைவில்லை. மதுரையில் உங்களுக்குச் சௌராஷ்டிர அண்டை வீட்டார் இருந்திருந்தால், அவர்கள் தங்கள் முன்னோர் புறப்பட்ட ஊர் என்று சொல்லும் நிலம் இதுதான். எனினும் டிசம்பர் கடைசி வேண்டாம். வெளிநாட்டிலிருக்கும் குஜராத்திகள் ஊர் திரும்பும் காலம் இது. விடுதிகள் எல்லாம் அவர்களால் நிறைந்திருக்கும், வாடகையும் இரட்டிப்பாகும். பிப்ரவரியில் ஒரு சனி ஞாயிறோடு இன்னொரு நாளைச் சேர்த்துக்கொண்டு போங்கள்.

திண்ணைத் தாத்தா:

மற்றவர்கள் சொல்வதற்கு நான் உடன்படவில்லை, அம்மா. சிலையும் சிங்கமும் எங்கும் ஓடிவிடப் போவதில்லை; அடுத்த ஆண்டும் அங்கேதான் இருக்கும். ஆறு வயதுக் குழந்தை, பேச்சு புரியாத பள்ளியில் அரை ஆண்டைக் கழித்திருக்கிறாள். தன் மொழியில் வாய் ஓயாமல் பேச, சண்டை போட, அத்தை மகன் மாமன் மகளோடு ஒரே பாயில் உருண்டு படுக்க அவளுக்கு ஒரு வாரம் கிடைப்பது சிறிய காரியம் இல்லை. பெரியவர்கள் இருவர் இங்கே வந்தால் தாத்தா பாட்டி கிடைப்பார்கள், அந்தக் கூட்டம் கிடைக்காது. அகமதாபாத்திலிருந்து சென்னைக்கு நேரடி விமானம் உண்டு; போகும்போது மட்டும் விமானத்தில் போய், திரும்பும்போது ரயிலில் வந்தால் செலவு பாதியாகக் குறையும். மகளுக்குத் தனிப் படுக்கை கேட்டால் முழுக் கட்டணம், கேட்காவிட்டால் அரைக் கட்டணம். மகனுக்குக் கட்டணமே இல்லை. ஒன்றாம் வகுப்பில் முன்னும் பின்னும் இரண்டு நாள் விடுப்பு எடுத்தால் எந்தப் பள்ளியும் கோபித்துக்கொள்ளாது.

வைகைக்கரையாள்:

எல்லாருக்கும் நன்றி. திண்ணைத் தாத்தா சொன்னதைக் கணவரிடம் படித்துக் காட்டியபோது இருவருமே சற்று நேரம் பேசவில்லை. அத்தையிடம் தொலைபேசியில் கேட்டோம். “மார்கழியில் உன் வீட்டு வாசலில் நான் கோலம் போடக் கூடாதா?” என்று அவரே முடித்துவிட்டார். கணவரின் தங்கையும் பிள்ளைகளை அவர்களோடு அனுப்பி வைப்பதாகச் சொல்லியிருக்கிறார், ஆகவே தாத்தா கேட்ட கூட்டத்தில் பாதியாவது இங்கே வந்துவிடும். சிலைக்கு ஒரு நாள், சாம்பானேருக்கு ஒரு நாள், மற்ற நாட்கள் வீட்டில் என்று வைத்திருக்கிறோம். கட்சுக்குப் பிறகு ஒருநாள் போவோம். அவர்கள் பொங்கல் வரை தங்குவார்கள். மார்கழிக்கும் பொங்கலுக்கும் இங்கே என்ன கிடைக்கும், எதை ஊரிலிருந்து கொண்டுவரச் சொல்ல வேண்டும் என்று யாராவது சொன்னால் நல்லது.

தபதிக்கரை அக்கா:

தங்கைக்கு, சூரத்திலிருந்து எழுதுகிறேன். முதலில் அத்தையிடம் ஒன்றைச் சொல்லி வையுங்கள்: இங்கே டிசம்பர் கடைசியில் சூரியன் ஏழேகாலுக்குத்தான் உதிக்கும். மதுரை நினைப்பில் ஐந்து மணிக்கு எழுந்து வாசல் தெளித்தால் நள்ளிரவு போலிருக்கும், காவலாளி ஓடி வருவார். ஆறரைக்கு எழுந்தாலே திருப்பாவை முழுவதையும் இருட்டில் சொல்லி முடித்துவிடலாம். அக்கம்பக்கத்தாருக்குக் கோலம் வியப்பாக இராது, அவர்களுக்கும் ரங்கோலி உண்டு. தினமும் போடுவதுதான் வியப்பாக இருக்கும். அவர்களும் இந்த மாதத்தைக் கமுர்த்தா என்று சொல்லிக் கல்யாணம் வைக்காமல் ஒதுக்குகிறார்கள், அதனால் உங்கள் அத்தைக்கு அவர்களோடு பேச விஷயம் இருக்கும்.

இட்லி அரிசியும் பொங்கலுக்கான பச்சரிசியும் வதோதராவில் கிடைத்துவிடும். வெல்லம் இங்கேயே நன்றாக இருக்கும், சுமக்க வேண்டாம். சுண்டைக்காய் வற்றலும் வெண்கலப் பானையும் ஊரிலிருந்து வரட்டும். குளிர்காலத்தில் பச்சை மஞ்சள் இங்கே காய்க்கடையில் எடை போட்டு விற்பார்கள், லீலி ஹல்தர் என்று கேளுங்கள். பக்கத்திலேயே மாங்காய் இஞ்சியும் குவிந்திருக்கும். இலையோடு மஞ்சள் கொத்து கிடைப்பது அரிது, ஆகவே பானையில் கிழங்கையே நூலில் கோத்துக் கட்டுங்கள். கரும்பு உத்தராயணத்துக்காக (பொங்கலையொட்டி இங்கே வரும் பட்டத் திருநாள்) தெருவெங்கும் வரும். குழந்தைகளுக்குப் போங்க் வாங்கிக் கொடுங்கள். பால் வற்றாத இளஞ்சோளத்தைச் சுட்டு உதிர்த்தது, இந்தச் சில வாரங்களைத் தவிர வேறெப்போதும் கிடைக்காது. ஊந்தியு என்ற குளிர்காலக் காய்கறிக் கூட்டைக் கடையில் வாங்கினால் எண்ணெய் மிதக்கும். அண்டை வீட்டில் செய்யும்போது கேட்டுப் பழகிக்கொள்வதே நல்லது.

ஜனவரி பிறந்ததும் பட்டம் விடத் தொடங்கிவிடுவார்கள். பொங்கல் பானையை இறக்கிய கையோடு எல்லாரும் மொட்டை மாடிக்கு ஏறிவிடுங்கள். அன்று தெருவில் யாரும் இருக்கமாட்டார்கள். ஆனால் அதற்கு முன்பிருந்தே, மகளை ஸ்கூட்டரில் முன்னால் நிற்க வைத்துக்கொண்டு போவதை நிறுத்திவிட வேண்டும். மாஞ்சா நூல் சாலைக்குக் குறுக்கே தொங்குவது கண்ணுக்கே தெரியாது. கைப்பிடிக்கு மேலே வளைவாகப் பொருத்தும் கம்பியைச் சாலையோரத்தில் விற்பார்கள், டிசம்பர் முடிவதற்குள் கணவரை மாட்டிக்கொள்ளச் சொல்லுங்கள்; கழுத்துக்கு ஒரு துணியும் சுற்றிக்கொள்ளட்டும்.